பதினாலாம் நம்பர் மெஷின்

பிரபு,

நீ அனுப்பிய போட்டோவுக்கு "நல்லா இருக்குடா கண்ணு" என்று பதில் போட்டேன் இல்லையா, அது பொய். அந்தப் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். நீ விசா, பெட்டி, டிக்கெட் என்று பறந்துகொண்டிருந்தாய். நானும் பருப்புப் பொடி அரைக்கிறேன், நார்த்தங்காய் காய வைக்கிறேன் என்று சமையற்கட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். இந்த உப்பளம் ஏரியாவில் நம் தெருவே பயப்படுகிற வாய் என் வாய். ஆனால் என்னைப் பற்றி நானே சொல்ல வேண்டும் என்றால் அந்த வாய் கட்டிப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பொடி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்குப் போகிறாய். அங்கே போய் இறங்கியதும், அந்த ஃபாக்டரிக்குள் கால் வைப்பதற்கு முன்னால், இதை முழுக்கப் படித்துவிடு. பாதியில் மடித்து வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்காதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊர். நீ எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. முதல் தடவை நீ போய்ப் பார்த்துவிட்டு வந்தாயே, அப்போது எடுத்த போட்டோ அது. நீண்ட ஷெட், வரிசையாக மெஷின்கள், முன்னால் இருக்கிற மெஷின் மேல் ஒரு கை வைத்துக்கொண்டு நீலக் கோட்டு போட்ட ஒரு பெண். இருபது வயசுகூட இருக்காது. அழகாகச் சிரிக்கிறாள். "அம்மா, அடையாளம் தெரியுதா? எல்லாம் நம்ம தட்டாஞ்சாவடி கம்பெனி மெஷினுங்கதான். சர்வீஸ் பண்ணி இங்க கொண்டாந்துட்டாங்க" என்று கீழே எழுதியிருந்தாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிசாக்கினேன். அந்தப் பெண்ணின் கைக்கு மேலே, மெஷினின் நெற்றியில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கு அப்புறம் எனக்கு வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

அது உன் வசந்தா அத்தை வைத்த பொட்டு.

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்த கதை உனக்குத் தெரியும். உன் அப்பா செக்யூரிட்டியாக வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு நம் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த வெளிநாட்டுக் கம்பெனியால்தான். பாண்டிச்சேரியில் வரிச்சலுகை என்று அறிவித்ததும் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். எங்களுக்கும் முதல் தடவையாக யூனிஃபார்ம், அடையாள அட்டை, ஏறி உட்காரக் கம்பெனி பஸ். மாதக் கடைசியில் என் பேரில் சம்பளம். அதுவரை பால்காரன்கூட என்னை "செக்யூரிட்டி பொண்டாட்டி" என்றுதான் கூப்பிடுவான். அப்புறம்தான் எனக்கு ஒரு பேர் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. அதனால் கம்பெனியே வரக் கூடாது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். வயிறு நிரம்பினவர்கள் பேசுகிற பேச்சு அது. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

நாங்கள் செய்தது, மின்சாமான்களுக்குள்ளே வைக்கிற சின்னச் சின்னப் பீங்கான் துண்டுகளுக்கு விளிம்பு தேய்த்துக் கொடுக்கிற வேலை. தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரி வெள்ளைத் தூள் பறக்கும். புருவம், காது மடல், ஜாக்கெட்டுக்குள் எல்லாம் அதுதான். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது தெருப் பிள்ளைகள் "பவுடர் கம்பெனி வருது" என்று கத்துவார்கள். நாங்களும் சிரிப்போம். கல்லை அரைத்த தூள் அது, மூச்சில் போனால் திரும்பி வராது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் மெஷினைச் செய்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் வட்டமாக ஒரு துவாரம் வைத்திருந்தான். அதில் ஒரு பெரிய குழாயை மாட்டி, ஷெட்டுக்கு வெளியே இருக்கிற மோட்டாரைப் போட்டால் தூள் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இங்கே வந்த மேனேஜர், மோட்டாருக்குக் கரண்ட் அதிகம், பொருளின் விலை ஏறினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று அதை நிறுத்தி வைத்தார். துவாரங்களைத் தகரம் வைத்து மூடினார்கள். முகமூடிகளும் இருந்தன. நல்ல முகமூடிகள், அலமாரியில், பூட்டி.

அந்த அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது, பிரபு. மோட்டாரின் ஸ்விட்சும் என் பொறுப்பில்தான். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

நாலு வருஷம் பதினாலாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தவள் நான். என்னை லைன் லீடராகப் போட்டபோது அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார்கள். ஜன்னலோரம், வெளிச்சம் நன்றாக விழும், எல்லாரும் கேட்ட இடம். நான் வசந்தாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். நம் வீட்டுக்கு மூன்றாவது வீடு, புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பிள்ளை கிடையாது. எனக்கு ஷிஃப்ட் மாறினால் உனக்குச் சோறு போட்டு, தலை துவட்டி, கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தவள் அவள்தானே. அவளுக்கு நல்ல இடம் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பேன் என்று பெருமையாக இருந்தது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். மறுநாளே மேனேஜர் துணி கொடுத்து எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னார். மெஷின் கெட்டுவிடுமாம். மற்றவர்கள் முனகிக்கொண்டே துடைத்தார்கள். வசந்தா கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து, பதினாலாம் நம்பரின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். "இத எவன் தொடச்சி எடுக்கறான்னு பாக்கறேன்" என்றாள். எவனாலும் முடியவில்லை. கடலைத் தாண்டியும் அது அழியாமல் இருக்கிறது.

உனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறார்கள் என்றார்கள். நம்மிடம் பொருள் வாங்குகிறவர்கள், தொழிலாளர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதில் தேறினால்தான் ஆர்டர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கேள்வியும் பதிலும் டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்தார். லைனில் இருக்கிற எல்லாருக்கும் மனப்பாடம் ஆக வேண்டும், தேறிவிட்டால் என்னைப் பர்மனென்ட் ஆக்கிவிடுவதாகச் சொன்னார். வசந்தாவுக்கு மட்டும் நம் வீட்டில் வைத்தே ஒத்திகை பார்த்தேன். ஏன் என்றால் அவளைத்தான் முன்னால் நிறுத்துவதாக இருந்தேன். கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு சொல்தா வீட்டில் வேலை பார்த்தவள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய அந்தப் பெரியவரிடம் நாலு பிரெஞ்சு வார்த்தை பழகி வைத்திருந்தாள். வருகிறவள் பிரெஞ்சுக்காரி, இவள் ஒரு வணக்கம் சொன்னால் குளிர்ந்துபோவாள் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைப் பார்.

அந்த ஒத்திகையில் ஆடிட்டர் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? நீதான். உன் அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சை அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். "முகமூடி தினமும் குடுக்கறாங்களா?" என்றாய். வசந்தா கையைக் கட்டிக்கொண்டு, "தினமும் புதுசு குடுக்கறாங்க துரை" என்றாள். "தூசி இருக்கா?" "மெஷின் ஓடும்போதெல்லாம் சக்‌ஷன் ஓடும் துரை, தூசியே கெடையாது." "உடம்புக்கு ஏதாவது?" "ஒண்ணும் இல்ல துரை, நல்லா இருக்கோம்." மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாய்: "அப்ப ஏன் அத்த எப்பப் பாரு இருமிக்கினே இருக்க?" நான் உன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். "அந்தக் கேள்வி பேப்பர்ல இல்ல. இருக்கறத மட்டும் கேளு" என்றேன். நீ அழவில்லை. தலையைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாய்.

ஆடிட் அன்று காலையில் நான் அலமாரியைத் திறந்து முகமூடிகளைக் கொடுத்தேன். தகரத்தை எடுத்துவிட்டுக் குழாய்களை மாட்டினார்கள். மோட்டாரைப் போட்டதும் ஷெட்டே தெளிந்துவிட்டது; எதிர்ச் சுவரில் எழுதியிருந்ததை அன்றுதான் என்னால் படிக்க முடிந்தது. வந்த அம்மாள் நல்லவள்தான், கள்ளம் இல்லாத முகம். நான் போட்ட கணக்கு தப்பவில்லை. வசந்தா "போன்ஜூர் மதாம்" என்றதும் அவளுக்கு முகமெல்லாம் பல். வேறு யாரையும் கேட்காமல் வசந்தாவைத்தான் தனி அறைக்குக் கூட்டிப்போய், மொழிபெயர்ப்பாளரை வைத்து அரை மணி நேரம் பேசினாள். சொன்னதை எல்லாம் எழுதி, கீழே வசந்தாவிடம் கையெழுத்து வாங்கினாள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் நான் மோட்டாரை நிறுத்தி, முகமூடிகளை எண்ணி வாங்கிப் பூட்டினேன். அடுத்த மாதம் நான் பர்மனென்ட். நீ இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியது, பிறகு இன்ஜினியரிங் படித்தது எல்லாம் அதில்தான்.

சலுகை முடிந்த மறு வருஷம் கம்பெனி கிளம்பிவிட்டது. இங்கே லாபம் இல்லையாம். போர்டில் ஒரு நோட்டீஸ், ஆளுக்கு ஒரு கவர், அவ்வளவுதான். மெஷின்களைக் கிரேன் வைத்துத் தூக்கிப் பெரிய பெட்டிகளில் ஏற்றினார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர்கூடக் கடையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வளர்ச்சி வளர்ச்சி என்று எங்களைக் கூட்டிவைத்துப் பேசியவர்கள் யாரும் அன்று அந்தப் பக்கம் வரவில்லை. மெஷின் எங்கே போகிறது என்று நான் கேட்டேன். "எங்க சீப்போ அங்க" என்று கிரேன்காரன் சொன்னான். அங்கே அந்த மெஷின் முன்னால் உட்காரப்போகிறவள் யார் என்று நான் யோசிக்கவில்லை. நம் வேலை போய்விட்டதே என்ற துக்கம்தான் இருந்தது.

வசந்தாவுக்கு அதற்குள் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. காசநோய் என்று நினைத்து அவளாகவே மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள். எந்தத் தாளையும் பார்த்துக் கேட்கவில்லை. நான் சொன்னேன். கல்தூள் நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, இதைக் குணப்படுத்த முடியாது, வேலையால் வந்த நோய் என்று எழுதித் தருகிறேன், கம்பெனியிடம் நஷ்டஈடு கேளுங்கள் என்றாள். என்னையும் படம் எடுத்துப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் இல்லை என்றாள். மெஷின் முன்னாலிருந்து நாலு வருஷத்தில் எழுந்துகொண்டதால் தப்பித்தேனாம். ஒன்றும் இல்லை என்று சொன்னதற்கு அழுதவள் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கம்பெனிக்குச் சென்னையில் மட்டும் ஒரு ஆபீஸ் இருந்தது. இருவரும் போனோம். ஏசி அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. வக்கீல் மாதிரி இருந்த ஒரு பையன் ஃபைலைத் திறந்து நிதானமாகப் படித்தான். தினமும் புது முகமூடி கொடுக்கிறார்கள். மெஷின் ஓடும்போதெல்லாம் சக்‌ஷன் ஓடும். தூசி கிடையாது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. "இது உங்க கையெழுத்துதானே மேடம்?" நான் சொல்லிக் கொடுத்ததில் ஒரு வார்த்தை மாறவில்லை. வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் சொல்லியிருக்கேன்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தப் பையன் என் பக்கம் திரும்பினான். "நீங்கதான லைன் லீடர்? இதெல்லாம் உண்மைதான?"

அதே கம்பெனியில் உனக்கு வேலை உத்தரவு வந்து பதினைந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. பழைய தொழிலாளியின் பிள்ளை என்று முன்னுரிமை கொடுத்திருந்தார்கள். அந்த உத்தரவை நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நான் உண்மையைச் சொன்னால் உன்னை எடுப்பார்களா என்று அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்தேன். "ஆமா சார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதோடு அவள் கேஸ் முடிந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். திண்டிவனம் தாண்டியதும் அவள் என் கையைப் பிடித்தாள். "உடுடி. புள்ள நல்லா இருக்கட்டும்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் அவள் போனாள். உனக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது, வர முடியவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டாய். வயசு, மூச்சுத் திணறல் என்றேன். அதுவும் பொய். கடைசிப் பத்து நாள் அவளுக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டியிருந்தார்கள். போனதும் நர்ஸ் அதைக் கழற்றினாள். நான் ஈரத்துணியால் முகம் துடைத்தேன். மூக்குத் தண்டிலும் இரண்டு கன்னத்திலும் முகமூடி அழுத்திய தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. எத்தனை துடைத்தும் போகவில்லை. அத்தனை வருஷம் அந்தத் தூளில் உட்கார்ந்தவள் முகத்தில் முகமூடியின் தடத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். தினமும் ஒன்று போட்டிருந்தால் அந்தத் தடம் முன்பே விழுந்திருக்க வேண்டும். வந்த வெள்ளைக்கார அம்மாள் முகமூடியைத்தான் பார்த்தாள், மூக்கைப் பார்க்கவில்லை.

பிரபு, இப்போது அந்த ஃபாக்டரியில் உனக்குக் கொடுத்திருக்கும் வேலை என்ன என்று போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். "ஆடிட்டுக்கு ஒர்க்கர்ஸ ரெடி பண்ணணும்மா. என்னா கேட்டா என்னா சொல்லணும்னு ட்ரெயினிங். நீ வசந்தா அத்தைக்குச் சொல்லிக் குடுத்தியே, அந்த மாரிதான்" என்று சிரித்தாய். நான் ரசம் ஊற்றினேன். தட்டுக்கு வெளியே சிந்தியதை வயசு என்று நினைத்திருப்பாய்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். எந்த முகத்தோடு சொல்வது? உன்னை அங்கே அனுப்பியதே நான்தான், அவள் உயிரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ வந்துவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஒருவன் உட்காருவான், அவனுக்கு இந்தக் கடிதம் கிடைக்காது. அதனால் நீயே போ. போனதும் பதினாலாம் நம்பருக்குப் பின்பக்கம் போய்ப் பார். போட்டோவில் தெரியவில்லை, ஆனால் தகரம்தான் இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. இருந்தால் உன் கையாலேயே கழற்று. மோட்டார் எங்கே, ஸ்விட்ச் யாரிடம், அலமாரிச் சாவி யார் இடுப்பில் என்று கேள். அந்த இடுப்புக்காரியை மிரட்டாதே. அவள் வீட்டிலும் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். கரண்ட் செலவு என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். சொன்னால் என் பெயரைச் சொல்லு, பாண்டிச்சேரி பழைய லைன் லீடர் ஒருத்தி கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு. சென்னை ஆபீஸில் நான் சொன்ன "ஆமா சார்" பொய் என்று இதில் நானே எழுதியிருக்கிறேன். என்னை எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். வேலை போனால் போகட்டும், உன்னைத் திரும்பவும் வளர்க்க எனக்குத் தெம்பு இருக்கிறது.

அந்தப் போட்டோவில் இருக்கிற பெண்ணின் மூக்கை நான் நன்றாகப் பெரிசாக்கிப் பார்த்தேன். தடம் இல்லை. உனக்கு அவர்கள் ஒரு தாள் கொடுப்பார்கள், இந்தத் தடவை கம்ப்யூட்டரில் வரும். அதில் இருக்கிற கேள்விகளை நீ கேட்க வேண்டாம். ஒன்பது வயசில் நீயாகக் கேட்டாயே ஒரு கேள்வி, அதை அவள் பாஷையில் எப்படிக் கேட்பது என்று முதலில் கற்றுக்கொள். போய் அவள் முன்னால் உட்கார்ந்து அதைக் கேள். அவள் சொல்கிறவரைக்கும் எழுந்துவிடாதே. அன்றைக்கு உன் தலையில் குட்டியதற்கு அம்மாவை மன்னித்துவிடு.